சங்கத்துக் கம்ப்யூட்டரும் ரிலே ரூம் சாவியும்

சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு எல்லாம் வாசித்து முடிந்து, காபி வரப்போகும் நேரத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "முன்பெல்லாம் சங்கத்துக் கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து வேலை பார்த்தோம். இப்போது ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்ட். போதாக்குறைக்கு, 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று திரையில் ஓர் அறிவிப்பு வேறு. நாம் என்ன பாங்கியா நடத்துகிறோம்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கெடுபிடிக்குக் காரணம் அடியேன்தான் என்பது அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

பதிலைக் காபிக்கு நடுவே சொல்லி முடிக்க இயலாது என்பதால், எழுதித் தருமாறு ஆசிரியர் கேட்டுக்கொண்டார். கம்ப்யூட்டர் படித்தவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பால பாடம். மற்றவர்களுக்காகவே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. டிப்ளமா முடித்து 1982இல் ரயில்வே சிக்னல் இலாகாவில் சேர்ந்தேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் ஓடின. பெரும்பகுதி நாக்பூர்–இடார்சி மார்க்கத்தில். 2020இல் ஓய்வு பெற்றபின், சும்மா இருக்க முடியாமல் சங்கத்துக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நானாகவே வாங்கிக்கொண்டேன். அலுவலகத்தில் இரண்டு, நூலகத்தில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் மூன்று. ஆக ஆறு லினக்ஸ் கம்ப்யூட்டர்கள். பொருளாளருக்குக் கணக்கு எழுத ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர். எல்லோருடைய ஃபைல்களையும் வைத்திருக்க மூலையில் ஒரு பழைய சர்வர். இவ்வளவுதான் நம் சாம்ராஜ்யம்.

நான் பொறுப்பேற்றபோது எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட். அது அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது.

பெயர் நமக்கு, எண் இயந்திரத்துக்கு

யூனிக்ஸ் என்பது 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் தொடங்கிய இயக்க மென்பொருள். அதே வழியைப் பின்பற்றி, 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது லினக்ஸ். விலை கிடையாது, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். சங்கத்துக்கு இதைவிடத் தோதானது வேறில்லை.

யூனிக்ஸ் குடும்பத்துக்கு ஒரு குணம் உண்டு. அதற்கு மனிதர்களின் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். ரயில்வே வொர்க்ஷாப்பில் ராமசாமி என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்; டோக்கன் நம்பரைச் சொன்னால் ஒருவர்தான். அதுபோல ஒவ்வொருவருக்கும் ஒரு பயனாளர் எண், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குழு எண். நீங்கள் ஒரு கடிதம் தட்டச்சுச் செய்து சேமித்தால், அதன் சொந்தக்காரர் என்று வட்டில் பதிவாவது உங்கள் பெயர் அல்ல, உங்கள் எண். திரையில் பெயர் தெரிகிறதே என்றால், அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடிப் பெயரை எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதில்தான் நான் வழுக்கி விழப்போகிறேன்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று வகை மனிதர்கள் உண்டு: சொந்தக்காரர், குழுவினர், மற்றவர்கள். மூன்று வகை உரிமைகளும் உண்டு: படிப்பது, எழுதுவது, இயக்குவது. ஃபோல்டராக இருந்தால் 'இயக்குவது' என்பதற்கு உள்ளே நுழைவது என்று பொருள். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று மதிப்பெண். கூட்டினால் 7. ஒரு ஃபோல்டருக்கு 750 என்று போட்டிருந்தால், சொந்தக்காரருக்கு எல்லா உரிமையும் உண்டு. குழுவினர் நுழையலாம், படிக்கலாம், மாற்ற முடியாது. மற்றவர்களுக்குக் கதவு சாத்தியது. 700 என்றால் சொந்தக்காரரைத் தவிர ஒருவரும் எட்டிப் பார்க்க முடியாது. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய ஏற்பாடு, இன்றும் மாறவில்லை.

இவர்களுக்கெல்லாம் மேலே 'ரூட்' என்று ஒருவர் உண்டு. அவருடைய எண் பூஜ்யம். அவருக்குத் தடை என்பதே இல்லை. ஆகவே அந்தப் பெயரில் அன்றாட வேலை செய்வது, எல்லா அறைச் சாவியையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போவதைப் போன்றது.

ஆறு பதிவேடா, ஒரே பதிவேடா?

ஆளுக்கொரு பெயர் தருவது என்று 2021இல் முடிவு செய்தோம். முதலில் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனித்தனியாகப் பெயர் பதிந்தேன். இருபது பேர், ஆறு கம்ப்யூட்டர், நூற்றிருபது பதிவு. ஒருவர் பாஸ்வேர்டை மாற்றினால் ஆறு இடத்தில் மாற்ற வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம், நூலகக் கம்ப்யூட்டரில் 1004 என்ற எண் நூலகருக்கு. அலுவலகக் கம்ப்யூட்டரில் அதே 1004 இணைச் செயலாளருக்கு. சர்வரில் நூலகர் வைத்த ஃபைல், அலுவலகத்தில் பார்த்தால் இணைச் செயலாளருடையது என்று காட்டியது.

இதற்குத் தீர்வு, எல்லாக் கம்ப்யூட்டர்களும் போய்க் கேட்கும்படி ஓரிடத்தில் ஒரே பதிவேடு வைப்பது. இதைத்தான் 'டைரக்டரி சர்வீஸ்' என்கிறார்கள். 1980களில் சன் நிறுவனம் இப்படி ஒன்றைச் செய்து 'மஞ்சள் பக்கங்கள்' என்று பெயர் வைத்தது. பிரிட்டனில் அந்தப் பெயர் தொலைபேசி நிறுவனத்தின் வணிக முத்திரை என்பதால் 'நிஸ்' என்று மாற்றிக்கொண்டார்கள். ஆனால் அதன் கட்டளைகள் இன்றைக்கும் 'ஒய்பி' என்ற எழுத்துகளில்தான் தொடங்குகின்றன. புகுந்த வீட்டில் பெயரை மாற்றினாலும் பிறந்த வீட்டில் பழைய பெயர் போகுமா?

பின்னர் 1988இல் 'எக்ஸ்.500' என்ற சர்வதேச விதிமுறை வந்தது. அது மிகவும் கனமானது. அதன் எளிய வடிவமாக, 1993இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து 'எல்டாப்' வந்தது. பெயரின் முதல் எழுத்தே 'எளியது' என்பதைக் குறிப்பதுதான். அந்தப் பதிவேட்டில் யூனிக்ஸுக்கு வேண்டிய பயனாளர் எண், குழு எண் முதலியவற்றை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று 1998இல் 2307ஆம் எண்ணுள்ள இணைய ஆவணம் வரையறுத்தது. விண்டோஸ் 2000 உடன் மைக்ரோசாப்ட் தன் 'ஆக்டிவ் டைரக்டரி'யைக் கொண்டுவந்தது. 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கிய 'சாம்பா' என்னும் இலவச மென்பொருள், 2012 டிசம்பரில் வந்த நாலாம் பதிப்பிலிருந்து ஆக்டிவ் டைரக்டரியின் வேலையைத் தானே செய்யக் கற்றுக்கொண்டது. நம் சர்வரில் இருப்பது அந்தச் சாம்பாதான். லினக்ஸ், விண்டோஸ் இரண்டுக்கும் ஒரே பதிவேடு. செலவு எதுவும் இல்லை.

டிக்கெட்டும் கடிகாரமும்

ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரின் முன் நீங்கள் உட்கார்ந்து பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால், அது இரண்டு கேள்விகள் கேட்கிறது. இவர் உண்மையிலேயே அவர்தானா? ஆம் என்றால், இவருடைய எண் என்ன, எந்தெந்தக் குழுவில் இருக்கிறார்? முதல் கேள்விக்குப் பதில் சொல்வது 'கெர்பரோஸ்'. இரண்டாவதற்கு எல்டாப். இரண்டையும் விசாரித்து வந்து கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கும் குமாஸ்தாவின் பெயர் 'எஸ்.எஸ்.எஸ்.டி.'

கெர்பரோஸ், 1980களில் எம்.ஐ.டி.யில் உருவானது. இதன் அழகு, உங்கள் பாஸ்வேர்ட் கம்பி வழியே பயணம் செய்வதே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு 'டிக்கெட்' தரப்படுகிறது. நான் வைத்த பெயர் அல்ல. அவர்களே வைத்த பெயர். வழக்கமாகப் பத்து மணி நேரம் செல்லும். அதைக் காட்டி அன்று முழுவதும் சர்வரிலுள்ள ஃபைல்களைத் திறக்கலாம். காலாவதியானால் மறுபடி வாங்க வேண்டும்.

டிக்கெட்டில் நேரம் எழுதியிருப்பதால் எல்லாக் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பரோஸ் ஏற்காது. தமிழ் வகுப்புக் கம்ப்யூட்டர் ஒன்று ஒருநாள் யாரையும் உள்ளே விடாமல் அடம்பிடித்தது. உள்ளே இருந்த சிறு பாட்டரி தீர்ந்து, கடிகாரம் இருபது நிமிடம் பின்தங்கியிருந்தது. ரயில்வேயில் தினமும் மாலை 16 மணிக்கு எல்லா ஸ்டேஷன்களுக்கும் நேரம் அறிவித்துக் கடிகாரத்தைச் சரிபார்க்கச் செய்வோம். அதே வேலையை இப்போது ஒரு மென்பொருள் தானாகச் செய்கிறது.

இரட்டைப் பூட்டு

இனி முக்கியமான பகுதி. பதிவேட்டை ஓரிடத்தில் வைத்தாயிற்று. அந்தப் பதிவேட்டை யார் படிக்கலாம், யார் திருத்தலாம்?

ரயில் ஸ்டேஷன்களில் 'ரிலே ரூம்' என்று ஓர் அறை உண்டு. எந்த சிக்னல் எப்போது பச்சையாகலாம், எந்தத் தண்டவாளம் எந்தப் பக்கம் திரும்பலாம் என்று தீர்மானிக்கும் கருவிகள் அங்கேதான் இருக்கின்றன. அந்தக் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம். மற்றது சிக்னல் பராமரிப்பாளரிடம். இருவரும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஏன் திறந்தோம், எப்போது திறந்தோம், எப்போது மூடினோம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும்.

புதிதில் எனக்கு இது அவமானமாகப் பட்டது. "எங்கள் கருவி, எங்களை நம்பாமல் இரண்டு பூட்டா?" என்று மூத்த இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். அவர், "தம்பி, பூட்டு கருவிக்கு மட்டும் இல்லை, உனக்கும்தான். நாளைக்கு ஏதாவது ஆனால், நீ உள்ளே போகவில்லை என்று சொல்ல அந்தப் பூட்டு ஒன்றுதான் சாட்சி" என்றார். நாற்பது ஆண்டுக்குப் பிறகும் அவர் குரல் காதில் இருக்கிறது.

டைரக்டரியிலும் இதே கதைதான். ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரைப் பதிவேட்டில் இணைக்க வேண்டுமானால், பொதுவாக எல்லோரும் செய்வது தலைமை நிர்வாகியின் பாஸ்வேர்டை அங்கே போய்த் தட்டுவது. வேலை சட்டென்று முடியும். ஆனால் மொத்த சாம்ராஜ்யத்தின் சாவியை, குழந்தைகள் விளையாடும் கம்ப்யூட்டரில் தட்டியிருக்கிறோம். சரியான முறை, 'இந்தப் பிரிவுக்குள் கம்ப்யூட்டர் சேர்க்கலாம்' என்ற ஒரே உரிமையுள்ள தனிக் கணக்கு ஒன்றை ஏற்படுத்தி அதைப் பயன்படுத்துவது. டைரக்டரியை, ரயில்வே டிவிஷன்களைப் போலப் பிரிவுகளாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு பிரிவுக்கும் குறிப்பிட்ட அதிகாரத்தை மட்டும் ஒருவருக்கு எழுதித் தரலாம். தமிழ் வகுப்பு ஆசிரியை, குழந்தைகளின் மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றித் தரலாம். பொருளாளருடையதைத் தொட முடியாது.

இன்னொன்று. ஆக்டிவ் டைரக்டரியில், நாம் மாற்றாத வரை, லாகின் உள்ள எவரும் பத்துக் கம்ப்யூட்டர்கள் வரை தாமே இணைக்கலாம். பலருக்கு இது தெரியாது. அந்தப் பத்தைப் பூஜ்யமாக்குவது நிர்வாகியின் முதல் வேலை.

இணைந்த கம்ப்யூட்டருக்கும் பதிவேட்டில் ஒரு கணக்கு உண்டாகிறது. அதற்கென ஒரு ரகசியச் சாவியும் அதன் வட்டில் ஒரு சிறு ஃபைலில் தங்குகிறது. அந்தச் சாவியைக் கொண்டு அது பதிவேட்டைப் படிக்கிறது. படிப்பதற்கு மட்டும்தான் அதற்கு உரிமை வேண்டும். பெரிய அலுவலகங்களில் பாதுகாப்பைக் கருதிப் படிக்கும் உரிமையையும் குறைத்துவிடுவார்கள். அப்போது ஒரு வேடிக்கை நடக்கும். லாகின் ஆகும், ஆனால் அவர் இருக்கும் குழுக்களில் பாதி தெரியாது. 'நேற்றுவரை திறந்த ஃபோல்டர் இன்று திறக்கவில்லை' என்பார். அவசரத்தில் அந்தக் கம்ப்யூட்டரையே நிர்வாகிகள் குழுவில் சேர்த்துவிடத் தோன்றும். கூடாது. ஒருவருடைய குழு உறுப்பினர் பட்டியலைப் படிப்பதற்கென்றே ஆக்டிவ் டைரக்டரியில் 'விண்டோஸ் ஆதரைசேஷன் அக்சஸ் குரூப்' என்று தயாராக ஒரு குழு இருக்கிறது. கம்ப்யூட்டரை அதில் சேர்த்தால் போதும். தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கலாம். அதற்காகக் கிணற்றை எழுதி வைக்க வேண்டாம்.

நாற்காலிக்குச் சாவி

ரிலே ரூம் சாவி எந்த ஸ்டேஷன் மாஸ்டருடையது? பணியில் இருப்பவருடையது. எட்டு மணிக்கு ஆள் மாறினால் சாவியும் கை மாறும். சாவி நாற்காலிக்கு உரியது, ஆளுக்கு அல்ல. குழு என்பதன் தத்துவம் இதுவே.

'கணக்கு ஃபோல்டரை இன்னாருக்குத் திறந்துவிடு' என்று ஆளைப் பார்த்துக் கொடுத்துக்கொண்டே போனால், மூன்று ஆண்டில் யாருக்கு என்ன இருக்கிறது என்று கொடுத்தவருக்கே தெரியாது. மாறாக, 'கணக்குக் குழு' என்று ஒன்று வைத்து, ஃபோல்டரின் உரிமையைக் குழுவுக்குக் கொடுத்துவிட வேண்டும். புதுப் பொருளாளர் வந்தால் குழுவில் சேர். பழையவர் போனால் குழுவிலிருந்து எடு. ஃபோல்டரைத் தொட வேண்டியதே இல்லை.

லினக்ஸ் கம்ப்யூட்டர்களோடு இதைச் செய்யும்போது நான் பட்ட சில அடிகளைச் சொல்கிறேன். பிள்ளைகளுக்குப் பயன்படும்.

முதலாவது, குழுக்கள் தெரிந்தன; உள்ளே ஆட்களைக் காணோம். காரணம், பழைய முறைப் பதிவேட்டில் குழுவுக்குள் லாகின் பெயர் மட்டும் எழுதப்படும். ஆக்டிவ் டைரக்டரியில் உறுப்பினரின் முழு முகவரி எழுதப்படும். என் குமாஸ்தா பழைய கட்டத்தில் தேடிக்கொண்டிருந்தார். எந்த முறை என்று அவருக்குச் சொன்னதும் சரியாயிற்று.

இரண்டாவது, எண்களை நாமே எழுதும் முறையைத் தேர்ந்தெடுத்தால் ஆளுக்கு மட்டுமல்ல, குழுவுக்கும் எண் எழுத வேண்டும். மறந்துவிட்டால் லினக்ஸைப் பொறுத்தவரை அப்படி ஒரு குழுவே இல்லை.

மூன்றாவது, ஒருவரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாகப் போய்விடக் கூடாது. அவர் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தால், வெளியேறும் வரை பழைய உரிமை நீடிக்கும். அதோடு, நம் குமாஸ்தா விசாரித்த விவரத்தை வழக்கமாகத் தொண்ணூறு நிமிடம் நினைவில் வைத்துக்கொள்வார். அவசரமானால் அந்த நினைவை அழித்து, ஆளை வெளியேற்றி, மறுபடி நுழையச் சொல்ல வேண்டும்.

நான்காவது, இணைத்த கம்ப்யூட்டரில் யார் யார் உட்காரலாம் என்பதையும் குழுவைக் கொண்டு சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டதால், தமிழ் வகுப்புச் சிறுவன் ஒருவன் அலுவலகக் கம்ப்யூட்டரில் ஜம்மென்று லாகின் செய்து சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தான். அவன் மேல் தப்பில்லை. கதவு திறந்திருந்தது.

ஐந்தாவது நமக்கு வராது; பெரிய நிறுவனத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு வரும். என்.எஃப்.எஸ். என்ற ஃபைல் பகிர்வு முறையின் பழைய வழக்கப்படி, ஒருவருக்குப் பதினாறு குழுக்கள்வரைதான் சர்வருக்குத் தெரிவிக்கப்படும். பதினாறும் பெற்றாயிற்று, பதினேழாவது எங்கே என்று தேடிப் பயனில்லை.

நான் செய்த தவறு

இப்போது கூட்டத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இதில் சம்பந்தப்பட்டவர்களிடம் சம்மதம் பெற்றே எழுதுகிறேன். சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

நம் சங்கம் மருத்துவ உதவிக்கென்று ஒரு சிறு நிதி வைத்திருப்பது எல்லோருக்கும் தெரியும். யார் யார் விண்ணப்பிக்கிறார்கள் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். அந்த வேலையைப் பார்த்துவந்த தொண்டர் மிகவும் ஒழுங்கானவர். விண்ணப்பங்களையெல்லாம் ஸ்கேன் செய்து, தன் பெயரில் ஒரு ஃபோல்டரில் வைத்து, 700 என்று பூட்டியிருந்தார். தன்னைத் தவிர ஒருவரும் பார்க்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்.

2023இல் அவர் மாற்றலாகி வேறு ஊர் போனார். நான் அவருடைய கணக்கைப் பதிவேட்டிலிருந்து நீக்கினேன். ஃபோல்டரைப் பற்றி எனக்கு நினைவில்லை. சில வாரங்கள் கழித்து இளைஞர் பிரிவிலிருந்து ஒருவர் புதிதாக வந்தார். கணக்குத் திறந்தேன். எண் எழுத வேண்டும். வரிசையில் 10014 காலியாக இருந்தது. எண்கள் விட்டுப்போகாமல் வரிசையாக இருந்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று அதையே கொடுத்தேன்.

வாசகர்கள் ஊகித்திருப்பீர்கள். 10014 பழைய தொண்டரின் எண். வட்டில் அந்த ஃபோல்டரின் சொந்தக்காரர் 10014. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை சொந்தக்காரர் திரும்பி வந்துவிட்டார். அவ்வளவு நன்றாகப் பூட்டியிருந்த கதவு, புதியவருக்குத் தானாகத் திறந்தது. ஒரே பதிவேடு என்பதால் என் தவறு ஆறு கம்ப்யூட்டர்களுக்கும் ஒரே நொடியில் போய்ச் சேர்ந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை அந்த இளைஞர் என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "அங்கிள், இது என்னுடைய ஃபோல்டர் என்று காட்டுகிறது. நான் ஒன்றும் செய்யவில்லை. சத்தியமாக நான் எதையும் உடைக்கவில்லை" என்றார். உள்ளே, அவருக்கு மிகவும் வேண்டிய ஒரு குடும்பத்தின் விண்ணப்பம் இருந்தது. மருத்துவமனைச் செலவுக்காகச் சங்கத்தின் கதவைத் தட்டியதை அந்தக் குடும்பம் தங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் தலைவரை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வீட்டுப் பெரியவர் கோபப்படவில்லை. காபி கொடுத்தார். பிறகு, "இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றாமல் காகிதத்திலேயே வைத்திருக்கலாமே, சார்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது என்ன செய்கிறோம்

விண்டோஸ் பக்கத்தில் இந்த விபத்து நடந்திருக்காது. அங்கே டைரக்டரி தானாகத் தரும் அடையாள எண் ஒருமுறை ஒருவருக்குத் தரப்பட்டால் மறுபடி யாருக்கும் வராது. அந்த அடையாளத்திலிருந்து லினக்ஸ் எண்ணைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும் முறையும் குமாஸ்தாவிடம் உண்டு. எண்ணை நானே எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்ததால் வந்த வினை இது. கையால் எழுதுவதில் தவறில்லை. எழுதுபவர் கணக்கு வைத்திருக்க வேண்டும்.

ஆகவே இன்று நம் சங்கத்தில் உள்ள ஏற்பாடு இது:

ஒருவர் விலகினால் கணக்கை அழிப்பதில்லை, முடக்கி வைக்கிறோம். எண் மறுபடி எவருக்கும் தரப்படாது. வரிசையில் ஓட்டை விழுந்தால் விழட்டும்.

பொது வேலைக்கான எந்த ஃபோல்டரும் ஆள் பெயரில் இருக்காது. சொந்தக்காரர் ரூட், உரிமை குழுவுக்கு, 2770 என்ற பூட்டு. முன்னால் உள்ள 2, உள்ளே உண்டாகும் புது ஃபைலும் அதே குழுவுக்குச் சேரும்படி பார்த்துக்கொள்ளும்.

மாதம் ஒருமுறை, பதிவேட்டில் ஆள் இல்லாத எண்ணுக்குச் சொந்தமான ஃபைல்கள் உண்டா என்று சர்வரில் தேடுகிறேன். 'ஃபைண்ட்' கட்டளையில் 'நோயூஸர்' என்று கேட்டால் அநாதை ஃபைல்களின் பட்டியல் வரும். அன்றைக்கு இதை ஒரு தடவை செய்திருந்தால் போதும்.

ஆண்டுப் பொதுக்குழு முடிந்து புது நிர்வாகிகள் வந்ததும், எல்லாக் குழுக்களின் பட்டியலையும் அச்செடுத்துச் செயற்குழுவில் வாசிக்கிறோம். இருக்கத் தேவையில்லாதவரை அங்கேயே நீக்குகிறோம்.

தலைமை நிர்வாகியின் பாஸ்வேர்ட் இரண்டு பாதியாக இரண்டு உறைகளில். ஒன்று செயலாளரிடம், ஒன்று என்னிடம். திறந்தால் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். எனக்கும் இப்போது ரிலே ரூமில்தான் வாசம்.

மருத்துவ உதவி விண்ணப்பங்கள், அந்தப் பெரியவர் சொன்னபடி, காகிதமாக அலமாரியில் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் தொகையும் தேதியும் மட்டும். எதைப் பூட்டுவது என்று யோசிப்பதற்கு முன்னால், எதை வைத்திருக்கத்தான் வேண்டும் என்று யோசிக்க வேண்டும் என்பதை அந்த வீட்டுக் கூடத்தில் கற்றுக்கொண்டேன்.

கூட்டத்தில் கேள்வி கேட்ட பெரியவருக்கு என் பதில் இதுதான். நாம் பாங்கி நடத்தவில்லை. ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில், கஷ்டம் என்று வந்தால் வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம் நடத்துகிறோம். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று திரையில் வந்தால், உங்களை நம்பவில்லை என்று அர்த்தமல்ல. நாளைக்கு ஏதாவது கசிந்தால், நீங்கள் அங்கே போகவில்லை என்று சாட்சி சொல்ல ஒரு பூட்டு இருக்கிறது என்று அர்த்தம். அன்று அந்த இளைஞர் 'நான் ஒன்றும் செய்யவில்லை' என்று என் முன்னால் நின்ற நிலை, நம் பிள்ளைகள் எவருக்கும் இனி வரக் கூடாது.

பாஸ்வேர்ட் மறந்தவர்கள் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குமேல் நூலக அறைக்கு வாருங்கள். அங்கேதான் இருப்பேன். நாள்காட்டியின் பின்னால் மட்டும் எழுதி வைக்காதீர்கள்.